கார்புரேட்டர் டேம்பருக்கு எந்த ஆயில்? வேலூர் வெயிலில் சின்ன விமான இன்ஜின்களுக்கான ஒப்பீடு

இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில், உள்ளே நகரும் பிஸ்டன் சட்டென்று குதிக்காமல் பிடிக்கும் சின்ன அமைப்புதான் டேம்பர். அதற்குள் போகும் ஆயில் சில மில்லிதான். ஆனால் இறங்க வந்த விமானம் ஓடுதளத்துக்கு மேலே வந்த பிறகு, வேண்டாம், மறுபடி ஏறிவிடலாம் என்று பைலட் த்ராட்டிலை முழுசாகத் தள்ளும்போது, இன்ஜின் உடனே இழுக்குமா, இருமிவிட்டு இழுக்குமா என்பதில் அந்தச் சில மில்லிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

இந்த ஆயிலைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருபவை. அவை தப்பில்லை. ஆனால் அவர்கள் ஊர்க் குளிருக்குச் சொன்னது அது. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஜனவரி விடியற்காலையிலும் பதினெட்டு டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும் வேலூரில், அதே ஆயிலை அப்படியே ஊற்றினால் அதே பலன் கிடைக்காது. இங்கே இன்ஜினைச் சோதனை ஸ்டாண்டில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் பொறியியல் மாணவர்களையும், பழைய ஃபோக்ஸ்வேகன் இன்ஜினை விமானத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். எஸ்யூ என்ற வகைக் கார்புரேட்டர் போட்ட பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். டேம்பர் ஆயில் வேண்டியது சில வகை விமானக் கார்புரேட்டர்களுக்கு மட்டும். இன்று இந்தியாவில் பறக்கும் மைக்ரோலைட் எனும் லேசான சின்ன விமானங்களில் நிறையப் பேர் பார்ப்பது ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். என்சிசி மாணவர்கள் பறக்கும் ஜென் ஏர், வைரஸ் என்ற இரண்டு விமானங்களிலும் அந்தக் குடும்பத்து இன்ஜின்தான். பெங்களூருவில் உள்ள அரசு விமான ஆய்வகமான என்ஏஎல் வடிவமைத்த ஹன்சா-3 விமானத்தில் ரோட்டாக்ஸ் 914. இவற்றில் இருப்பது பிங் 64 கார்புரேட்டர். அதிலும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வில் தொங்கும் பிஸ்டன் உண்டு, ஆனால் ஆயில் டேம்பர் இல்லை. மூடி இருக்கிறதே என்று கழற்றி ஆயில் ஊற்றக் கூடாது. செஸ்னா மாதிரி விமானங்களின் லைகாமிங் இன்ஜினில் இருக்கும் மிதவைக் கார்புரேட்டருக்கும் இது தேவையில்லை. திடீரென்று த்ராட்டில் திறக்கும்போது கூடுதல் பெட்ரோல் கொடுக்க அதில் தனியாகச் சின்ன பம்ப் இருக்கிறது.

டேம்பர் ஆயில் வேண்டியது ஸ்ட்ரோம்பர்க், எஸ்யூ வகைகளுக்கு. ஃபோக்ஸ்வேகன் வழியில் வந்த ஜெர்மன் லிம்பாக் இன்ஜின்கள், அவை பொருத்திய ஷைபே ஃபால்கே மாதிரியான மோட்டார் கிளைடர்கள் (இன்ஜினும் வைத்த கிளைடர்கள்), அப்புறம் வீட்டிலேயே கட்டும் விமானங்களில் ஃபோக்ஸ்வேகன் இன்ஜினோடு போடும் பழைய கார் கார்புரேட்டர்கள். நம் பேச்சு இவற்றைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எந்தத் தேர்வும் உங்கள் கையில் இல்லை. இன்ஜின் கையேட்டில் என்ன ஆயில் போட்டிருக்கிறதோ அதுதான். அந்த வேலையையும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ உரிமம் பெற்ற ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர், பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையேடே ஒரு வரம்பைக் கொடுத்து, அதற்குள் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடங்களில்தான் ஒப்பீடு உதவும். சோதனை ஸ்டாண்டில் இருக்கும் இன்ஜின் என்றால் கொஞ்சம் சுதந்திரம் உண்டு.

சரி, இந்த ஆயில் என்ன செய்கிறது?

ஸ்ட்ரோம்பர்கிலும் எஸ்யூவிலும் காற்று போகும் வழியில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகரும். காற்று அதிகம் போனால் அது மேலே ஏறும், அதன் அடியில் தொங்கும் ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டிலிருந்து வெளியே வரும், பெட்ரோல் கூடும். நிதானமாக ஓடும்போது எல்லாம் தானே சமநிலைக்கு வந்துவிடும். பிரச்சினை த்ராட்டிலைச் சட்டென்று திறக்கும்போதுதான். காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். பிஸ்டனும் காற்றோடு சேர்ந்து உடனே மேலே குதித்துவிட்டால் ஒரு கணம் கலவை லீனாகி, அதாவது பெட்ரோல் குறைந்து, இன்ஜின் இருமும். அதைத் தடுக்கத்தான் டேம்பர். பிஸ்டன் நடுவில் இருக்கும் குழல் தண்டுக்குள் ஆயில் இருக்கும், மூடியிலிருந்து ஒரு சின்ன உந்துதண்டு அதற்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் மேலே ஏற முயலும்போது ஆயில் பிடித்து நிறுத்தும். அந்தக் கணத்தில் குறுகிய வழியில் காற்று வேகமாகப் போவதால் ஜெட்டிலிருந்து பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும், கலவை ரிச்சாகும், அதாவது அதில் பெட்ரோல் கூடும். இறங்கும்போது ஒருவழி வால்வு திறந்து ஆயில் தடையில்லாமல் ஓடிவிடும். ஆஸ்பத்திரிக் கதவுகளின் மேல் இருக்கும் டோர் குளோசர் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் மெதுவாகவும் நகர்வது போலத்தான் இதுவும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. ஒரே வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்போது இந்த ஆயில் கலவையை மாற்றுவதே இல்லை. பெட்ரோல் செலவு கூடிவிட்டது, பிளக் கறுத்துவிட்டது என்று டேம்பர் ஆயிலை மாற்றுபவர்களைப் பார்க்கிறேன். அதற்குக் காரணம் ஊசியில், ஜெட்டில், மிதவையில் இருக்கும். ஆயிலின் வேலை த்ராட்டில் நகரும் அந்த ஒன்றிரண்டு விநாடிக்கு மட்டும். விமானத்தில் அந்த ஒன்றிரண்டு விநாடி பெரும்பாலும் தரைக்கு மிகப் பக்கத்தில்தான் வருகிறது.

நம் ஊர் வெயில் அந்தக் கணத்தை இன்னும் கடுமையாக்குகிறது. வேலூரும் அப்துல்லாபுரம் விமான நிலையமும் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கின்றன. ஆனால் நாற்பது டிகிரி வெயிலில் காற்று அவ்வளவு மெலிந்துவிடுவதால், இன்ஜினும் இறக்கையும் கிட்டத்தட்ட 4,000 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். அதாவது ஏலகிரி மலையின் உயரத்துக்குப் பக்கம். சக்தி ஏற்கெனவே குறைந்திருக்கும் இன்ஜினில் ஒரு இருமலுக்கும் இடமில்லை.

இனி ஆயில்களுக்கு வருவோம். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். இந்தக் கார்புரேட்டர்களுக்குப் பழைய காலத்திலிருந்தே சொல்லப்படும் தரம் எஸ்ஏஇ 20. எஸ்ஏஇ எண் கூடக் கூட ஆயில் கெட்டி. அப்படிப்பட்ட ஆயில் 40 டிகிரியில் சுமார் 60 சென்டிஸ்டோக்ஸ் பாகுத்தன்மை காட்டும். பாகுத்தன்மை என்பது ஆயிலின் கெட்டி, அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ். குளிர்ந்த நாட்டில் பானெட்டுக்கு அடியில் டாஷ்பாட், அதாவது டேம்பர் இருக்கும் கார்புரேட்டரின் மேல் பகுதி, அந்தச் சூட்டில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே என் இலக்கு, வேலை நேரத்துச் சூட்டில் 60 சென்டிஸ்டோக்ஸுக்குப் பக்கம். டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை விட இதுதான் முக்கியம்.

வேலூரில் டாஷ்பாட் எவ்வளவு சூடாகிறது? இதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் வயரை டாஷ்பாட்டின் பக்கவாட்டில் ஒட்டினால் போதும். இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்திருந்தால் நேராக அலுமினியத்தின் மேல் காட்டாதீர்கள். பளபளப்பான உலோகத்தில் அது உண்மையை விடக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அது சூடேறிய பிறகு அந்த டேப்பின் மேல் அளந்தால் நம்பத்தகுந்த எண் வரும். மதிய வெயிலில் தரையில் நின்று ஓடிக் கொதித்த இன்ஜினில் 60 டிகிரி வருவது இயல்பு. பறக்கும்போது காற்று அடித்துக்கொண்டே இருப்பதாலும், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியாலும் அதைவிடக் குறைவாக, 45 டிகிரி பக்கம் இருக்கலாம். இந்த இரண்டு சூட்டுக்கும் இடையில் பொருந்தும் ஆயில்தான் நமக்கு வேண்டும்.

அளவுகோலான எஸ்ஏஇ 20-யே எடுத்துக்கொண்டால், 60 டிகிரியில் அது 26 சென்டிஸ்டோக்ஸுக்கு இறங்கிவிடும், பாதிக்கும் குறைவு. கையேட்டில் எஸ்ஏஇ 20 என்று மட்டும் இருந்தால் அதைப் போடத்தான் வேண்டும். ஆனால் சுடும் மதியத்தில் தரையில் லீன் இருமல் வந்தால் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தவிர, இங்கே ஒற்றைத் தர எஸ்ஏஇ 20 தேடிப் பிடிப்பதும் சிரமம்.

அடுத்தது ஏடிஎஃப், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். இணையத்தில் இதைப் பரிந்துரைப்பவர்கள் ஏராளம். சிவப்பாக இருப்பதால் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், நுரை அடிக்காது, சீல்களுக்குக் கெடுதல் இல்லை. நல்ல குணங்கள்தான். ஆனால் பொதுவான டெக்ஸ்ரான் வகை 40 டிகிரியில் சுமார் 35, 60 டிகிரியில் 18 மட்டும். பனி விழும் நாட்டில் விடியற்காலையில் பிஸ்டன் தடையில்லாமல் ஏற இது உதவும். நமக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. இங்கே ஏடிஎஃப் போட்டால் டேம்பர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

விமானத்துக்கென்றே வரும் சிவப்பு ஹைட்ராலிக் திரவம், எம்ஐஎல்-எச்-5606 தரத்தது, பிரேக்குக்கும் லேண்டிங் கியருக்கும் போடுவது. விமானத்துக்கானது, ஆகவே நல்லது என்ற எண்ணத்தில் ஹாங்கரில் இதைத்தான் கை முதலில் தேடும். சூட்டுக்கும் குளிருக்கும் இதன் பாகுத்தன்மை அதிகம் மாறாது என்பது உண்மை. ஆனால் தொடக்கத்திலேயே அது மிக நீர்த்தது. 40 டிகிரியில் 14, 60 டிகிரியில் பத்துக்கும் கீழே. உயரத்தில் உறைந்துபோகாமல் இருக்கச் செய்யப்பட்ட திரவம் அது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

தொழிற்சாலை ஹைட்ராலிக் ஆயில்கள் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளிலும் பிரஸ் மெஷின் இருக்கும்வரை இதற்குப் பஞ்சமில்லை. விஜி 32, 46, 68 என்று வரும் எண்ணே 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும், டப்பாவைப் பார்த்தாலே கணக்கு வந்துவிடும். 32 நமக்குப் பத்தாது. 68 என்றால் 45 டிகிரியில் ஓரளவு சரி, 60-ல் 28-க்கு இறங்கிவிடும். எஸ்ஏஇ 20-க்கு மாற்றாக ஏதாவது உடனே வேண்டும் என்றால் விஜி 68 பரவாயில்லை, அவ்வளவுதான். பைக்கின் முன் ஃபோர்க்குக்கு ஊற்றும் ஆயிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஆனால் அதில் 10டபிள்யூ, 20டபிள்யூ என்று போடுவது கம்பெனிக்குக் கம்பெனி வேறு பாகுத்தன்மை. எண்ணை நம்பி வாங்க முடியாது.

கெட்டியான பக்கம் போனால், விமான இன்ஜினுக்கே ஊற்றும் டபிள்யூ100. அதில் 100 என்பது எஸ்ஏஇ 50-க்குச் சமம். சூட்டில்கூட இலக்கை விடக் கெட்டி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் த்ராட்டிலைத் திறந்தால் பிஸ்டன் தயங்கித் தயங்கி ஏறும், கறுப்புப் புகையோடு இன்ஜின் அமுங்கும். இன்ஜினுக்கு நல்ல ஆயில் டேம்பருக்கும் நல்லது என்பது இங்கே பொருந்தாது.

கடைசியாக, காட்பாடி ரோட்டில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் பைக்குக்கு என்று கேட்டு வாங்கக்கூடிய மல்டிகிரேட் இன்ஜின் ஆயில்கள், அதாவது குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று இரண்டு எண் போட்டவை. இவற்றில்தான் உண்மையான போட்டி. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளுக்குப் போடும் 10டபிள்யூ-30, சூட்டில் முப்பதைச் சற்றே தாண்டும், நமக்குக் கொஞ்சம் குறைவு. யமஹா வண்டிகளுக்கு வரும் 10டபிள்யூ-40, 60 டிகிரியில் சுமார் 43, 45 டிகிரியில் எழுபதைத் தாண்டும். புல்லட்டுக்கு ஊற்றும் 15டபிள்யூ-50, 60 டிகிரியில் சுமார் 58. அதாவது நம் ஊர்ச் சூட்டில் புல்லட் ஆயில், குளிர்நாட்டில் எஸ்ஏஇ 20 செய்யும் வேலையை அச்சாகச் செய்கிறது. 20டபிள்யூ-50 அதைவிட ஒரு படி கெட்டி, 65 பக்கம். பிராண்டுக்குப் பிராண்டு இந்த எண்கள் கொஞ்சம் நகரும். கம்பெனியின் தரவுத்தாளில் 40, 100 டிகிரி எண்கள் இரண்டும் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

கெட்டி ஆயில் காலை ஸ்டார்ட்டில் தொந்தரவு தருமே என்ற பயம் இங்கிலாந்துக்காரர்களுக்கு நியாயம். நமக்கு இல்லை. பூஜ்யம் டிகிரியில் எஸ்ஏஇ 20 எண்ணூறைத் தாண்டிக் கெட்டியாகும். நம் ஜனவரி விடியற்காலை 18 டிகிரியில் 20டபிள்யூ-50கூட அறுநூறு பக்கம்தான். அவர்கள் சமாளிக்கும் கெட்டிக்கு நாம் போவதே இல்லை.

ஆக, என் முடிவு இது. பறக்கப்போகும் இன்ஜினுக்கு 10டபிள்யூ-40. தரையில் சூடான நிலையில் இலக்குக்குச் சற்றுக் கீழே, பறக்கும்போது சற்று மேலே. தரையிறங்கும் நேரத்தில் த்ராட்டிலைத் தள்ளும் கணம் பறக்கும் சூட்டில்தான் வருகிறது என்பதால் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பது நல்லது. வெயிலில் ஸ்டாண்டில் மட்டும் ஓடும் இன்ஜினுக்கு 15டபிள்யூ-50. மினரலா சிந்தெடிக்கா என்பது இங்கே பெரிதாகப் பொருட்டில்லை. இந்த ஆயில் எரிவதுமில்லை, பெரிய அழுத்தத்தில் தேய்வதுமில்லை.

ஊற்றக் கூடாதவை: பிரேக் ஆயில் சில வகை ரப்பரையும் பெயின்ட்டையும் தின்னும். ஸ்ட்ரோம்பர்கின் உயிரே அந்த ரப்பர் டயஃப்ரம்தான். விளக்கெண்ணெய் நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நம் மார்கழிக் காலையிலேயே.

தேர்ந்தெடுத்த ஆயில் சரியா என்பதை இன்ஜின்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் டேம்பரைக் கழற்றிவிட்டு பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி அடியில் ‘டக்’ என்று தெளிவாகத் தட்ட வேண்டும். எங்காவது சிக்கினால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், ஆயில் எதுவானாலும் பயனில்லை. எஸ்யூவில் பிஸ்டனின் வெளிப்பக்கமும் அது நகரும் அறையும் காய்ந்தே இருக்க வேண்டும். பாலாற்று மணல் தூசி பறக்கும் நம் ஊரில் அங்கே ஆயில் பூசினால் சீக்கிரம் களிம்பாகிவிடும். ஸ்ட்ரோம்பர்கில் டயஃப்ரமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை விழுந்த டயஃப்ரமின் குற்றம் பெரும்பாலும் ஆயில் மேல்தான் விழுகிறது.

அளவைப் பொறுத்தவரை, ஸ்ட்ரோம்பர்கில் மூடியை மெதுவாக இறக்கும்போது, திருகு தொடங்கும் இடத்துக்கு சுமார் 6 மில்லிமீட்டர் மேலேயே கையில் தடை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். அதிகமானால் மிச்சம் வழிந்து காற்றோடு போய்விடும். எஸ்யூவில் மாடலுக்கு மாடல் அளவு வேறு, அதன் கையேட்டைப் பாருங்கள்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் சோதனை. சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, கன்ட்ரோலில் தெரிந்த ஆள், ப்ரொப்பெல்லர் சுழலும் பக்கம் யாரும் இல்லை. இவை எல்லாம் உறுதியானதும் ஐடிலிங்கிலிருந்து முழு த்ராட்டிலுக்கு ஒரு விநாடியில் கொண்டுபோங்கள். கார்புரேட்டர் வாயிலிருந்து ‘பட்’ என்று எதிர்வெடி வந்து இன்ஜின் தடுமாறினால் லீன், ஆயில் நீர்த்தது. எக்ஸாஸ்ட்டில் கறுப்புப் புகையும் அமுங்கிய சத்தமும் வந்தால் ரிச், ஆயில் கெட்டி. எது வந்தாலும் ஆயிலை ஒரு படி மட்டும் மாற்றி மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று படி மாற்றியும் வித்தியாசமே இல்லை என்றால் டேம்பரை விட்டுவிட்டு, இன்டேக் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா, டைமிங் சரியா என்று தேடவேண்டிய நேரம்.

இரட்டைக் கார்புரேட்டர் இருந்தால் இரண்டிலும் ஒரே ஆயில், ஒரே அளவு. ஒன்றில் மட்டும் குறைந்தால் ஒரு பக்கச் சிலிண்டர்கள் முந்திக்கொள்ளும், இன்ஜின் அதிரும்.

ஆயில் அடிக்கடி குறைகிறது என்றால் ஸ்ட்ரோம்பர்கில் ஊசியைப் பிடித்திருக்கும் இடத்து ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஊசியைச் சரிசெய்யும் வசதி உள்ள மாடல்களில் ஆயில் அந்த வழியாகத்தான் கீழே இறங்கும். பங்க் பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் ஊதி மென்மையாவது முன்பை விட அதிகம். எத்தனால் தாங்கும் ஓ-ரிங்காகப் பார்த்து மாற்றுங்கள். மாற்றாமல் ஆயிலை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஓடுதளத்தில் இறங்கும் நாளில் டேம்பருக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெட்ரோலையும் இன்ஜின் ஆயிலையும் பார்க்கும்போதே டேம்பர் மூடியையும் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலை.